மெட்ராஸ் தண்ணி

டீ நன்றாக இருக்கிறது, சார். போலீஸ் ஸ்டேஷன் டீ கழுநீர் மாதிரி இருக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி, பஸ் ஸ்டாண்டிலேயே ஒன்று குடித்துவிட்டு வந்தேன். வீண்.

என்னை யாரும் பிடித்துக்கொண்டு வரவில்லை என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். நானாகத்தான் வந்திருக்கிறேன். பெயர் ரோஷன். சடையாண்டி அண்ணன் இறந்துபோனாரே, அந்தச் சுத்திகரிப்பு நிலையத்தில் கம்ப்யூட்டர் பார்ப்பவன். உங்கள் அறிக்கையை எங்கள் மேனேஜர் வேலுசாமி சார் நேற்று காட்டினார். நன்றாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். இரண்டு இடம் மட்டும் இடிக்கிறது.

ஒன்று, இறந்தவர் குடித்திருக்கலாம் என்கிறீர்கள். அவர் குடிக்க மாட்டார். ஆனாலும் பரவாயில்லை. நம் ஊரில் கூலிக்காரர் ஒருவர் செத்தால் அப்படி எழுதுவது ஒரு மரியாதை மாதிரி ஆகிவிட்டது. இரண்டாவதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. அன்றைக்குச் சென்னையிலிருந்து யாரும் இணைக்கவே இல்லை, சென்னைக்காரர்களின் பதிவில் அப்படி எதுவும் இல்லை, ஆகவே புரோகிராம் கோளாறாகி, தானாக மணியடித்து, தானாக வால்வைத் திறந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். சார், அந்தப் புரோகிராமை எழுதியவன் நான். அதில் கோளாறு இல்லை. தானாக எதையும் செய்கிற புரோகிராம் இன்னும் இந்தியாவுக்கு வரவில்லை.

சண்முகவள்ளி அக்கா, அதாவது அண்ணனின் மனைவி, "ரெண்டாவது மணி அடிக்கல, ரெண்டாவது மணி அடிக்கல" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். அதை நீங்கள் எழுதவில்லை. அழுகிற பொம்பளை சொல்வதை எழுதுவதற்குத் தனியாகப் பேனா வேண்டும் போலிருக்கிறது. அவர் சொன்னது சரி. மணி அடிக்கவில்லை. ஆனால் அது கோளாறு இல்லை. அதை விளக்கத்தான் வந்தேன்.

எங்கள் நிலையத்தைப் பார்த்திருப்பீர்கள். நாற்றத்தை வைத்தே வழி கண்டுபிடித்திருப்பீர்கள். சுற்றியிருக்கும் தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவுத் தண்ணீரெல்லாம் குழாயில் எங்களிடம் வரும். நாங்கள் சுத்தம் செய்து ஓடையில் விட வேண்டும். இதில் விடுவதை மட்டும் ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தோம். அப்போதுதான் மாசுக் கட்டுப்பாட்டுக்காரர்களின் சென்னை அலுவலகத்திலிருந்து புது உத்தரவு வந்தது. தண்ணீர் வெளியே போகிற கடைசிக் குழியில் மீட்டர் பொருத்த வேண்டும். அதைக் கம்ப்யூட்டரில் இணைக்க வேண்டும். சென்னை கம்ப்யூட்டர் நினைத்த நேரத்துக்கு, சொல்லாமல் கொள்ளாமல் நம் கம்ப்யூட்டரோடு இணைந்து, தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று படித்துக்கொள்ளும். அந்த இணைப்பும் சும்மா இணைப்பு இல்லை, பூட்டுப் போட்ட இணைப்பு. நடுவில் எவனும் கை வைத்து எண்ணை மாற்றிவிடக் கூடாதாம். திண்டுக்கல்காரனுக்கே பூட்டைக் காட்டினார்கள்.

அப்போது நான் பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் முடித்துவிட்டு, ஊரில் இருக்கிற பிரிண்டர்களையெல்லாம் துடைத்துக்கொண்டிருந்தேன். வேலுசாமி சார் கூப்பிட்டார்.

"தம்பி, மெட்ராஸ்காரன் எப்பப் பாத்தாலும் நல்ல தண்ணியாத் தெரியணும். அம்புட்டுதான் வேல."

"தண்ணியச் சுத்தம் பண்ணிட்டாத் தெரியுமே சார்."

"அது பெரிய வேலப்பா. நீ சின்ன வேலையாப் பாரு."

சின்ன வேலையாகப் பார்த்தேன். இங்கேதான் கால்பேக் வருகிறது. சார், கொட்டாவி விடாதீர்கள், இது தெரியாமல் மீதி புரியாது. கல்யாண மண்டபத்தில் பந்திக்கு நேரமிருக்கிறது. நீங்கள் என்ன செய்வீர்கள்? சமையல்கட்டு வாசலிலேயே நிற்பீர்களா? "எலை போட்டதும் ஒரு குரல் குடுப்பா" என்று யாரிடமாவது சொல்லிவிட்டுப் போய் ஃபேனுக்கடியில் சாய்ந்துவிடுவீர்கள். அதுதான் கால்பேக். பூட்டு இணைப்பைக் கவனித்துக்கொள்கிற ஒரு நிரல் தொகுப்பு ஏற்கெனவே இருக்கிறது, உலகத்துக்கே இலவசம். அதனிடம் நான் எழுதிய ஒரு சின்ன ஃபங்ஷனின், அதாவது ஒரு குட்டி நிரலின், பெயரைக் கொடுத்துவிட வேண்டும். யாராவது இணைக்க வந்தால் என்னைக் கூப்பிடு, கைகுலுக்க ஆரம்பித்தால் கூப்பிடு, விடைபெற்றுப் போனால் கூப்பிடு. அது ஒவ்வொரு தடவையும் தவறாமல் கூப்பிடும். மனிதர்கள் அப்படி இல்லை.

பூட்டு இணைப்பில் ஒரு விசேஷம் உண்டு. இரண்டு கம்ப்யூட்டரும் பேச ஆரம்பிக்கும் முன்னால் கைகுலுக்கும். நீ யார், நான் யார், எந்தச் சாவி, எந்தப் பூட்டு என்று ஒரு சம்பிரதாயம். அது முடிந்த பிறகுதான் எண் போகும். அந்தச் சம்பிரதாயம் தொடங்கிய கணத்திலேயே அந்த இலவசத் தொகுப்பு என் ஃபங்ஷனைக் கூப்பிட்டுவிடும். என் ஃபங்ஷன் திரும்பி வரும்வரை கைகுலுக்கல் அப்படியே காத்து நிற்கும். நான் வேறென்ன செய்ய? அழுக்குத் தண்ணீர் வால்வை மூடினேன். லாரியில் வாங்கி மேல்தொட்டியில் நிரப்பி வைத்திருந்த நல்ல தண்ணீரைத் திறந்தேன். குழி கழுவி, மீட்டர் முனையும் கழுவி, எண் இறங்கும்வரை சென்னையின் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். அப்புறம் விட்டேன். அவர்கள் படித்துக்கொண்டார்கள். விடைபெற்றதும் தொகுப்பு மறுபடி என் ஃபங்ஷனைக் கூப்பிடும். நல்ல தண்ணீரை மூடி, அழுக்கைத் திறப்பேன்.

நடுவில் கை வைக்கக் கூடாது என்றார்கள். நான் நடுவில் வைக்கவே இல்லை, நுனியில்தான் வைத்தேன். பூட்டு பூட்டியபடியே இருந்தது.

சென்னையிலிருந்து ஒரு மேடம் ஒரு தடவை போன் செய்தார். "உங்க ஊர் மட்டும் ஏங்க கனெக்ட் ஆக இவ்ளோ நேரம் எடுக்குது?" என்று கேட்டார்.

"லைன் அப்படித்தான் மேடம். திண்டுக்கல்லு."

"ஓ, சரி சரி."

அவ்வளவுதான் விசாரணை. நம் ஊரைப் பற்றி மட்டமாக எதைச் சொன்னாலும் சென்னையில் நம்புவார்கள். அதைவிட நல்ல பூட்டு கிடையாது.

இப்போது சடையாண்டி அண்ணனிடம் வருகிறேன். அவசரப்படாதீர்கள். மீட்டர் முனையில் சுண்ணாம்பும் கொழுப்பும் முடியும் படிந்துவிடும். படிந்தால் நல்ல தண்ணீரையே கெட்டதென்று காட்டும். யாராவது ஏணி வழியாகக் குழிக்குள் இறங்கித் துணியால் தேய்க்க வேண்டும். அதுதான் அண்ணன் வேலை. அழுக்குத் தண்ணீர் ஓடும்போது இறங்க முடியாது. அழுகிய முட்டை நாற்றத்தோடு ஒரு வாயு வரும், ஒரு மூச்சு இழுத்தால் ஆள் சுருண்டுவிடுவான். நல்ல தண்ணீர் ஓடும்போது வாயுவும் அடங்கியிருக்கும், நாற்றமும் இருக்காது. அதனால் அண்ணன் வந்து கேட்டார்.

"கம்பூட்டர் அப்பு, மெட்ராஸ் வந்தா எனக்கு ஒரு சத்தங்குடு. அந்நேரம் எறங்கித் தேச்சுப்புட்டு ஏறிருவேன்."

சத்தம் என்ன, மணியே வைத்துத் தருகிறேன் என்றேன். மின்சார மணி ஒன்று வாங்கி, கால்பேக்கிலேயே சேர்த்தேன். இணைப்பு தொடங்கினால் ஒரு மணி. முடிந்தால் இரண்டாவது மணி. இரண்டாவது தடவை அடித்த பிறகும் உடனே வால்வு திரும்பாது. ஒரு ஆள் ஏணியில் நிதானமாக ஏறி, மேலே வந்து, மூக்கைச் சிந்துகிற அளவுக்கு அவகாசம் வைத்திருந்தேன். பாதுகாப்பு விஷயத்தில் நான் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை.

மணிச் சத்தம் சுவருக்கு வெளியே, அண்ணன் குடியிருந்த காலனிக்கும் கேட்டது. ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். அவர்கள் ஓடையில் எந்நேரமும் காப்பிக் கஷாயம் மாதிரிதான் தண்ணீர் ஓடும். மணியடித்தால் கொஞ்ச நேரத்துக்குக் கண்ணாடி மாதிரி ஓடும். "ஏய் மெட்ராஸ் வந்துருச்சுடி" என்று கத்திக்கொண்டு பெண்கள் குடத்தோடு ஓடி வருவார்கள். அதற்கு மெட்ராஸ் தண்ணி என்று பெயரும் வைத்துவிட்டார்கள். அந்தத் தண்ணீரில் வைத்தால் பருப்பு சீக்கிரம் வேகிறதாம். சோற்றுக்குத் தொட்டுக்கொள்கிற வெஞ்சனமே தனி ருசியாம். சண்முகவள்ளி அக்கா ஒருநாள் கிண்ணத்தில் கத்திரிக்காய்க் கூட்டு கொண்டுவந்து கொடுத்தார். மெட்ராஸ் தண்ணியில் வைத்ததாம். நன்றாகத்தான் இருந்தது.

அண்ணனுக்கு என்மேல் பிரியம் வந்துவிட்டது. மாலையில் வந்து என் மேசை ஓரம் நின்று கேலி பேசுவார்.

"மெட்ராஸ்காரன இன்னொருக்கா வரச் சொல்லேன் அப்பு. முதுகு அரிக்குது, குளிக்கணும்."

"நான் சொன்னா வருவாகளாண்ணே?"

"நீ நெனச்சா வருவாக. எனக்குத் தெரியாதாக்கும்."

விளையாட்டுக்குத்தான் சொன்னார். ஆனால் உண்மை. வருகிறவர் நிஜமாகவே சென்னைதானா என்று அத்தாட்சியைச் சரிபார்ப்பதற்கு இன்னொரு கால்பேக் எழுத வேண்டும். அதில் நான் ஒரே வரிதான் எழுதியிருந்தேன். யார் வந்தாலும் சரி. சோம்பல்தான், மறைக்கவில்லை. அதனால் உலகத்தில் எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து எங்கள் முகவரியைத் தட்டினாலும் எங்கள் நிலையத்துக்கு அது சென்னைதான். பஸ் ஸ்டாண்டு பக்கம் தப்ரேஸ் வைத்திருக்கும் பிரௌசிங் சென்டருக்கு நான் தினமும் போவேன், பள்ளிக்கூடத்திலிருந்து பழக்கம். அங்கே உட்கார்ந்து அவ்வப்போது நானே சென்னையானேன். திரையில் எங்கள் நிலையத்தின் பக்கம் திறந்திருக்கும்வரை இணைப்பும் இருக்கும், நல்ல தண்ணீரும் ஓடும். காலனியே குடம் குடமாகப் பிடிக்கும். சமூகசேவை என்று நான் சொல்லிக்கொள்ளவில்லை. நீங்கள் வேண்டுமானால் எழுதிக்கொள்ளலாம்.

இப்படி எல்லோரும் சந்தோஷமாக இருந்தோம். தோல் ஷாப்புக்காரர்கள் சந்தோஷம், சென்னை சந்தோஷம், காலனி சந்தோஷம். அப்படியே விட்டிருக்கலாம். அண்ணன்தான் நன்றி சொல்ல ஆசைப்பட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்து பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"அப்பு, திங்கக்கெழம கலெக்டராபீசு போறோம். காலனிப் பொம்பளைக அம்புட்டுப் பேரும் வாராக."

"எதுக்குண்ணே?"

"மெட்ராஸ் தண்ணிய காலைல ஒருவாட்டி, சாயந்தரம் ஒருவாட்டி விடச் சொல்லி. மணியடிச்சாத் தண்ணி வருதுல்ல. தெனம் அடிங்கன்னு கேக்கப் போறோம். கேட்டாக் குடுக்க மாட்டாகளா என்ன?"

"அப்படியெல்லாம் கேக்கக் கூடாதுண்ணே. அது மெட்ராஸ்காரங்க விஷயம்."

"அதுக்குத்தான கலெக்டர்ட்டப் போறது. அவரு மெட்ராஸ்காரங்ககிட்டப் பேசிக்கிருவாரு."

"அண்ணே, வேணாம்ண்ணே."

"ஒம்பேரையும் சொல்லிருவேன் அப்பு. இம்புட்டையும் செஞ்சது எங்க ரோஷன் தம்பின்னு. ஒரு துண்டாச்சும் போத்துவாக."

"வேணாம்னு சொல்றேன்ல."

"அட, வெக்கத்தப் பாரு. பொண்ணு பாக்கப் போன மாப்ள கணக்கா."

சொல்லிவிட்டு வெற்றிலையைத் துப்பிவிட்டுப் போய்விட்டார்.

நீங்களே யோசித்துப் பாருங்கள், சார். எதிரி என்றால் சமாளிக்கலாம். புகார் கொடுக்கிறவன் என்றால் வேலுசாமி சார் பார்த்துக்கொள்வார், அதற்குத்தான் மேனேஜர். இவர் பாராட்டப் போகிறார். கலெக்டர் முன்னால் நின்று, சென்னை எட்டிப் பார்க்கும்போது மட்டும் நல்ல தண்ணீர் வருகிறது, தம்பியின் கெட்டிக்காரத்தனம் என்று கைகூப்பிச் சொல்லப் போகிறார். காலனியே தலையாட்டப் போகிறது. அன்று சாயந்தரமே என் கம்ப்யூட்டரைக் கழற்றிக்கொண்டு போயிருப்பார்கள். என்னை ஜெயிலில் போடுவார்கள் என்று பயந்ததாக நினைக்காதீர்கள். நான் அந்த அளவு யோசிக்கவில்லை. புரோகிராமை அழித்துவிடுவார்களே என்றுதான் இருந்தது. அது நான் எழுதிய முதல் உருப்படியான புரோகிராம். ஒருநாள்கூட நின்றதில்லை.

அவரிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொல்லியிருந்தால் அவருக்கு மனசு கஷ்டப்பட்டிருக்கும். இத்தனை நாள் மனைவி குடத்தில் பிடித்தது ஊரை ஏமாற்றுகிற தண்ணீர் என்று தெரிந்தால் எந்த மனுஷனுக்குத்தான் தாங்கும்? அந்த வருத்தத்தை அவருக்குக் கொடுக்க நான் விரும்பவில்லை.

சனிக்கிழமை காலையில் சீக்கிரம் போனேன். இரண்டாவது மணி அடிக்கிற வரிக்கு முன்னால் இரண்டு சாய்கோடு போட்டேன். அப்படிப் போட்டால் அந்த வரி இருக்கும், ஆனால் இயங்காது. நான் எதையும் அழிக்கவில்லை, புதிதாக ஒன்றும் எழுதவுமில்லை. வால்வு திரும்புவதற்கு வைத்திருந்த அவகாசத்தைக்கூடக் குறைக்கவில்லை. இரண்டே கோடு. அப்புறம் புரோகிராமைத் திரும்ப ஓடவிட்டுவிட்டு, அண்ணனைப் பார்த்துச் சொன்னேன்.

"அண்ணே, மெட்ராஸ் இன்னைக்கு மத்தியானம் வரும் போலருக்கு. முனை ரொம்பப் படிஞ்சு போச்சு. செத்த நேரம் கூடுதலா நின்னு நல்லாத் தேய்ச்சிருங்க."

"நீ கவலப்படாத அப்பு. கண்ணாடி மாதிரி ஆக்கிப்புடுறேன். நீ எங்க கெளம்பிட்ட?"

"டவுனுக்குண்ணே. சித்தி மக ரூபிக்குத் துணியெடுக்கணும்."

ரூபிக்குத் துணியும் எடுத்தேன், சார். நான் பொய் சொல்கிற ஆள் இல்லை. அதற்கப்புறம்தான் தப்ரேஸ் கடைக்குப் போனேன். அவன் கடை முகவரி என் புரோகிராம் எழுதும் பதிவில் இன்னும் அப்படியே இருக்கிறது. நீங்கள் சென்னையின் பதிவைக் கேட்டு வாங்கினீர்கள், எங்கள் கம்ப்யூட்டரில் இருக்கிற பதிவை யாருமே திறந்து பார்க்கவில்லை. நானும் அழிக்கவில்லை. அழித்தால் அது நேர்மை இல்லை.

நடந்ததையெல்லாம் அப்புறம்தான் கேள்விப்பட்டேன். ஓடையில் சண்முகவள்ளி அக்கா குடத்தில் பிடித்துக்கொண்டிருந்தாராம். பாதிக் குடத்தில் தண்ணீர் கறுத்ததாம். முதலில் கத்தியது அவர்தானாம். மணியடிக்காமல் தண்ணீர் கறுக்காது என்று அவருக்குத் தெரியும். குடத்தைப் போட்டுவிட்டுச் சுவரைச் சுற்றி ஓடி வந்திருக்கிறார். வாட்ச்மேன் முனியப்பன் அவரைக் குழியில் இறங்கவிடாமல் பிடித்துக்கொண்டதாகச் சொன்னார். அது நல்லதுதான். இல்லாவிட்டால் உங்கள் அறிக்கையில் இரண்டு பேர் குடித்திருப்பார்கள்.

நான் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது வாசலில் கூட்டம். உள்ளே போய் அந்த இரண்டு கோட்டையும் எடுத்துவிட்டேன். அதனால்தான் நீங்கள் அழைத்து வந்த நிபுணர் பார்த்தபோது மணி வரி ஒழுங்காக இருந்தது. வரியும் ஒழுங்கு, சென்னையும் இணைக்கவில்லை, ஆகவே கோளாறுதான் என்று அவர் எழுதிவிட்டார். என் புரோகிராம் அன்றைக்குச் சொன்னதைச் சொன்னபடி, ஒரு இம்மி பிசகாமல் செய்தது. அதை மட்டும் திருத்திவிடுங்கள். எங்கே கையெழுத்து வேண்டுமோ போடுகிறேன்.

அப்படியானால் கொன்றது நீதானே என்று கேட்கிறீர்கள். அவசரப்பட்டு அப்படிச் சொல்லிவிட முடியாது. நான் வால்வைத் தொடவில்லை. குழிக்குப் பக்கத்திலேயே இல்லை. தப்ரேஸ் கடையில் ஒரு பக்கத்தைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். திரையில் மீட்டரின் எண் தெரியும். முனையில் துணி படும்போதெல்லாம் எண் துள்ளும். நன்றாகத் துள்ளிக்கொண்டிருந்தது. அண்ணன் சொன்னபடியே கூடுதல் நேரம் நின்று, அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கம் திறந்திருக்கிறவரை அவருக்கு ஒன்றும் ஆகாது. சொல்லப்போனால் அந்த நேரம் முழுக்க அவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது நான்தான். அப்போது தப்ரேஸ்தான் பின்னால் வந்து நின்றான்.

"மாப்ள, அரை மணி நேரம் முடிஞ்சிருச்சு. வெளிய பசங்க நிக்கிறாங்கெ. முடிச்சுக்கிறியா, இன்னொரு அரை மணி போடவா?"

திரையில் எண் துள்ளிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அடுத்தவர்களைக் காக்க வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரைப் பிடித்து வைத்திருப்பது எனக்கு எப்போதுமே பிடிக்காது, சார். முடித்துக்கொள்கிறேன் என்றேன்.